தொலைக்காட்சிப் பெட்டித் தேர்வு

தொலைக்காட்சிப் பெட்டித் தேர்வு என்பது, வீட்டுப் பயன்பாட்டுக்காகப் புதிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்குவோர் திரையின் அளவு, பிரிதிறன், திரை நுட்பம், ஒலி, மென்பொருள், மின் நுகர்வு, விலை முதலியவற்றை ஒப்பிட்டுத் தமக்கு ஏற்றதைத் தெரிவு செய்வதைக் குறிக்கும். கடையில் இருப்பு உள்ளதை வாங்கி வருவதாக ஒரு காலத்தில் இருந்த இச்செயல், தட்டைத் திரைகள் பரவியபின் நுட்பச் சொற்கள் மிகுந்த ஒன்றாக மாறியது. அச்சொற்களில் சில அளந்து அறியத்தக்க பண்புகளைக் குறிப்பவை. வேறு சில வெறும் வணிகப் பெயர்கள். பெட்டியின் அட்டையில் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் எண்களைவிட, பார்ப்பவர் அமரும் தொலைவு, அறைக்குள் விழும் வெளிச்சம், வீட்டுக்கு வந்து சேரும் ஒளிபரப்பின் தரம் ஆகியவையே கண்ணுக்குத் தெரியும் படத்தின் தரத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. இவை மூன்றையும் கடையில் நின்று அறிய இயலாது. இக்கட்டுரை பெரும்பாலும் இந்தியச் சூழலை ஒட்டியது.

வரலாறு

இந்தியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முறையில் தொடங்கியது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தன் பணியைத் தொடங்கியது. 1982 இல் தில்லியில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வண்ண ஒளிபரப்பு வந்தது. இலங்கையில் ரூபவாகினி ஒளிபரப்பைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

அக்காலத்தில் வாங்குவோர் முன் இருந்த கேள்விகள் சில: கறுப்பு வெள்ளையா, வண்ணமா? 14 அங்குலமா, 20 அங்குலமா? இழுத்து மூடும் மரக்கதவு வேண்டுமா? சென்னையைச் சேர்ந்த டயனோரா, சாலிடேர், பொதுத்துறை நிறுவனமான இந்திய மின்னணுக் கழகத்தின் இ.சி. முதலிய பெயர்கள் தமிழ்நாட்டு வீடுகளில் அறிமுகமாயிருந்தன. வானொலிக்குப் போலவே தொலைக்காட்சிக்கும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. 1980களின் நடுப்பகுதியில் அது நீக்கப்பட்டது. 1990களில் கம்பிவடத் தொலைக்காட்சி பரவியபோது, எட்டு அல்லது பன்னிரண்டு அலைவரிசைகளை மட்டும் நினைவில் வைக்கக்கூடிய பழைய பெட்டிகள் போதாமல் போயின. பெட்டியில் பழுது ஏதும் இல்லாமலேயே அதை மாற்ற நேர்ந்த முதல் சந்தர்ப்பங்களில் இதுவும் ஒன்று.

2006 சட்டமன்றத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் அளித்த வாக்குறுதியின்படி, தமிழ்நாடு அரசு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விலையின்றி வழங்கியது. 2011 வரை நடந்த இத்திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டன. இவை எல்லாம் எதிர்மின்கதிர்க் குழாய், அதாவது பேச்சுவழக்கில் பிக்சர் டியூப் எனப்படும் படக்குழாய் கொண்டவை. ஆயினும் உலகச் சந்தையில் 2007 இன் இறுதிக் காலாண்டிலேயே நீர்மப் படிகத் திரைகளின் விற்பனை படக்குழாய்ப் பெட்டிகளை முந்திவிட்டது. ஆகவே தமிழ்நாட்டின் பல குடும்பங்களுக்கு, வீட்டின் முதல் பெட்டி அரசு தந்ததாகவும், தாமே தேர்ந்து வாங்கிய முதல் பெட்டி தட்டைத் திரையாகவும் அமைந்தது.

திரையின் அளவும் பார்க்கும் தொலைவும்

திரையின் அளவு எனப்படுவது ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரையிலான நீளமாகும். பேச்சில் அங்குலம் நிலைத்துவிட்டபோதும், இந்தியாவில் விற்கப்படும் பெட்டிகளின் அட்டையில் செண்டிமீட்டர் அளவே முதன்மையாக இடம்பெறுகிறது. 32 என விற்கப்படும் பெட்டியில் 80 செ.மீ. என்று இருக்கும், அது உண்மையில் 31.5 அங்குலமே. அவ்வாறே 43 எனப்படுவது பெரும்பாலும் 108 செ.மீ., அதாவது 42.5 அங்குலம்.

பழைய படக்குழாய்த் திரைகள் 4:3 என்ற விகிதத்தில் அமைந்தவை. தற்காலத் திரைகளின் விகிதம் 16:9. ஆகையால் மூலைவிட்ட அளவை மட்டும் வைத்துப் பழையதையும் புதியதையும் ஒப்பிடுவது தவறாகும். 29 அங்குலப் பழைய பெட்டியின் திரை ஏறத்தாழ 17.4 அங்குல உயரம் கொண்டது; 32 அங்குல அகலத்திரையின் உயரமோ 15.7 அங்குலம்தான். மூன்று அங்குலம் கூடுதல் என்று எண்ணி வாங்கியவர், பழைய திரைப்படங்களை முன்னைவிடச் சிறியதாகவே பார்க்க நேர்ந்தது. அதை ஈடுசெய்யப் படத்தைப் பக்கவாட்டில் இழுத்து நிரப்பியதால்தான், பல வீடுகளில் சிவாஜி கணேசனும் பத்மினியும் பருத்துத் தெரிந்தனர்.

எந்த அறைக்கு எந்த அளவு என்பதற்கு இரு வகையான கணக்குகள் உள்ளன. முதலாவது, திரை பார்வைப் பரப்பில் எவ்வளவு இடத்தை நிரப்ப வேண்டும் என்பது. அமெரிக்காவின் சலனப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கம் கூறும் 30 பாகைக் கோணம் இதற்குப் பரவலாக எடுத்தாளப்படுகிறது. இதன்படி மூலைவிட்டத்தைப் போல் ஏறத்தாழ 1.6 மடங்கு தொலைவில் அமர வேண்டும். 32 அங்குலத்துக்கு இது நாலேகால் அடி, 43 அங்குலத்துக்கு ஐந்தே முக்கால் அடி, 55 அங்குலத்துக்கு ஏழரை அடிக்குச் சற்றுக் குறைவு, 65 அங்குலத்துக்கு ஒன்பது அடிக்குச் சற்றுக் குறைவு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில், சுவரோரம் நாற்காலி போட்டு எதிர்ச்சுவரைப் பார்ப்பவரின் கண் சுமார் எட்டடி தொலைவில் இருக்கும். இக்கணக்கின்படி அவ்வறைக்கு 55 அங்குலம் கூடப் பெரிதன்று.

இரண்டாவது கணக்கு கண்ணின் கூர்மையைப் பொறுத்தது. இயல்பான பார்வை உடையவரால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள விவரத்தைப் பிரித்தறிய முடியும். அதைவிடச் சிறியவை ஒன்றோடொன்று கலந்து சீரான படமாகத் தெரியும். பெரியவை தனித்தனிப் புள்ளியாகவோ மங்கலாகவோ தெரியும். இந்தியாவில் நெடுங்காலம் நிலவிய வழமையான ஒளிபரப்பில் படம் 576 கிடைக்கோடுகளால் ஆனது. 32 அங்குலத் திரையில் இக்கோடுகள் கலந்து மறைய எட்டடி தொலைவு போதும். 55 அங்குலத் திரையிலோ பதின்மூன்று அடிக்கு மேல் தள்ளி அமர வேண்டும்.

இரு கணக்குகளும் ஒரே அறைக்கு முரணான விடைகளைத் தருகின்றன என்பது கவனிக்கத்தக்கது. புதிதாகப் பெரிய பெட்டி வாங்கியவர்கள், பழைய பெட்டியில் படம் இதைவிடத் தெளிவாக இருந்தது என்று கூறுவதன் காரணமும் இதுவே. பழுது பெட்டியில் இல்லை. எட்டடி தொலைவில் 21 அங்குலத் திரை மறைத்து வைத்திருந்த குறைகளைப் பெரிய திரை காட்டிக்கொடுக்கிறது. எனவே அளவைத் தேர்வதற்கு முன் அறையை அளப்பதோடு, அவ்வீட்டில் பெரும்பாலும் பார்க்கப்படுவது எவ்வகை ஒளிபரப்பு என்பதையும் அறிய வேண்டும். உயர்வரையறை அலைவரிசைகளும் இணையப் படங்களும் பார்க்கும் வீட்டுக்கு முதல் கணக்கு பொருந்தும். வழமையான அலைவரிசைகளை மட்டும் பார்க்கும் வீட்டுக்கு 32 முதல் 43 அங்குலம் வரையே மனநிறைவு தரும்.

திரையின் நடுப்பகுதி, அமர்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கு அருகில் இருப்பது நல்லது. தரையில் அமர்ந்து பார்க்கும் வழக்கமுள்ள வீடுகளில் ஆறடி உயரத்தில் மாட்டப்படும் பெட்டி, கழுத்துக்கும் படத்துக்கும் ஒருசேரக் கேடு செய்கிறது. சிலவகைத் திரைகள் கீழிருந்து பார்க்கும்போது வெளிறித் தெரிவதே இதற்குக் காரணம்.

பிரிதிறனும் ஒளிபரப்பும்

திரையில் உள்ள படவணுக்களின் எண்ணிக்கை பிரிதிறன் எனப்படும். 32 அங்குலப் பெட்டிகள் பலவற்றில் 1366 × 768 படவணுக்களும், முழு உயர்வரையறைத் திரையில் 1920 × 1080 படவணுக்களும், 4கே எனப்படும் திரையில் 3840 × 2160 படவணுக்களும், 8கே திரையில் 7680 × 4320 படவணுக்களும் உள்ளன. 4கே திரையில் மொத்தம் ஏறத்தாழ 83 இலட்சம் படவணுக்கள். வழமையான ஒளிபரப்பின் படச்சட்டத்தில் இருப்பவை 720 × 576, அதாவது சுமார் 4.15 இலட்சம் மட்டுமே. ஆகவே 4கே பெட்டியில் வழமையான அலைவரிசை ஒன்றைப் பார்க்கும்போது, திரையில் தெரியும் இருபது படவணுக்களில் பத்தொன்பது ஒளிபரப்பில் வராதவை. பெட்டியிலுள்ள செயலி ஊகித்து நிரப்பியவை. இந்த ஊகத்தைச் செய்யும் திறன் பெட்டிக்குப் பெட்டி பெரிதும் வேறுபடும். விலை குறைந்த 4கே பெட்டிகளுக்கும் விலை கூடியவற்றுக்கும் இடையே நாள்தோறும் உணரத்தக்க வேறுபாடு இதில்தான் உள்ளது. அட்டையில் இதற்கென எந்த எண்ணும் அச்சிடப்படுவதில்லை.

43 அங்குல முழு உயர்வரையறைத் திரையின் படவணுக்கள் ஐந்தரை அடிக்கு அப்பால் கண்ணுக்குத் தனித்துத் தெரியா. எட்டடியில் அமர்பவர் அதே அளவில் 4கே வாங்குவதால் கூர்மையில் பெறும் நன்மை இல்லை எனலாம். எனினும் அவ்வளவில் முழு உயர்வரையறைப் பெட்டிகள் அருகிவருவதாலும், நல்ல செயலியும் நிறத்திறனும் 4கே பெட்டிகளிலேயே வைக்கப்படுவதாலும், பலர் வேறு வழியின்றி அதையே வாங்குகின்றனர். 8கே திரைகளுக்கு ஏற்ற ஒளிபரப்போ படங்களோ இந்திய வீடுகளை எட்டவில்லை.

பிரிதிறன் வீணாகும் இன்னொரு இடம் வடம். கம்பிவட அல்லது நேரடிச் செய்மதிப் பெட்டியை மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய வடத்தால் இணைத்தால், உயர்வரையறை அலைவரிசைக்குக் கட்டணம் செலுத்தியிருந்தாலும் வழமையான தரத்திலேயே படம் வரும். எச்.டி.எம்.ஐ. வடத்தால் இணைத்தல் வேண்டும். புதிய பெட்டியைப் பொருத்த வருபவர் பழைய வடத்தையே மீண்டும் செருகிவிட்டுச் செல்வது அரிதன்று.

திரை வகைகள்

நீர்மப் படிகத் திரை தானாக ஒளிர்வதில்லை. பின்னாலுள்ள விளக்கின் ஒளியை ஒவ்வொரு படவணுவும் வேண்டிய அளவு கடத்தியோ தடுத்தோ படத்தை உருவாக்குகிறது. முதலில் வந்தவற்றில் இவ்விளக்கு மெல்லிய ஒளிர்குழாயாக இருந்தது. 2009 அளவில் ஒளிகாலும் இருமுனையங்கள் அவ்விடத்தைப் பிடித்தன, அவை எல்.இ.டி. தொலைக்காட்சி என்ற பெயரில் விற்கப்பட்டன. மாறியது விளக்கு மட்டுமே, திரை நீர்மப் படிகத் திரையே. 2017 முதல் சாம்சங் நிறுவனம் பரப்பிய கியூ.எல்.இ.டி. என்பதும் அவ்வாறே: விளக்குக்கும் திரைக்கும் இடையே குவாண்டம் புள்ளிகள் கொண்ட படலம் சேர்க்கப்பட்டு நிறங்கள் செறிவூட்டப்பட்ட நீர்மப் படிகத் திரை அது. மினி எல்.இ.டி. என்பது மிகச் சிறிய விளக்குகளைப் பல நூறு பகுதிகளாகப் பிரித்து, தேவையான இடத்தில் மட்டும் ஒளிரச் செய்யும் முறை. இருண்ட காட்சியில் கறுப்பு சாம்பலாகத் தெரியும் குறையை இது பெரிதும் குறைக்கிறது.

பெயரளவில் ஓர் எழுத்தே வேறுபட்டாலும் ஓ.எல்.இ.டி. முற்றிலும் வேறானது. அதில் ஒவ்வொரு படவணுவும் கரிமச் சேர்மத்தால் தானே ஒளிர்கிறது. அணைக்கப்பட்ட படவணு முழுக் கறுப்பாக இருக்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறுவதில்லை. இரவில், விளக்கணைத்துத் திரைப்படம் பார்ப்பவர்களுக்கு இதற்கு நிகரில்லை. ஆனால் ஒரே உருவம் ஒரே இடத்தில் நெடுநேரம் நின்றால் அவ்விடத்துப் படவணுக்கள் மற்றவற்றைவிட விரைவில் தேய்ந்து, நிலையான சுவடு பதியும். காலை முதல் இரவு வரை ஒரே செய்தி அலைவரிசை ஓடும் வீட்டில், மூலையில் நிற்கும் சின்னமும் அடியில் உள்ள செய்திப் பட்டையும் இச்சுவட்டை உண்டாக்கக் கூடியவை. அவ்வகை வீட்டுக்கு எவ்வளவு பணம் இருந்தாலும் நீர்மப் படிகத் திரையே ஏற்றது.

நீர்மப் படிகத் திரைகளுக்குள்ளும் இரு பிரிவுகள் உள்ளன. ஐ.பி.எஸ். வகையில் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. ஆனால் கறுப்பு அவ்வளவு ஆழமாக இராது. வி.ஏ. வகையில் கறுப்பு மூன்று முதல் ஐந்து மடங்கு வரை ஆழமானது. பக்கவாட்டில் படம் வெளிறும். நேரெதிரே இருவர் மட்டும் அமரும் வீட்டுக்கு வி.ஏ. வகையும், கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் அமர்ந்து பார்க்கும் கூட்டுக்குடும்பத்துக்கு ஐ.பி.எஸ். வகையும் பொருந்தும். விற்பனையாளரிடம் இவ்விவரம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. கடையில் பெட்டியின் ஓரத்துக்குச் சென்று, மனித முகம் தெரியும் காட்சியைப் பார்த்தால் ஒருவாறு அறியலாம்.

பிளாசுமா வகை 2014 அளவில் உற்பத்தி நின்று மறைந்தது. 2010 இல் பெரும் விளம்பரத்துடன் வந்த முப்பரிமாணத் தொலைக்காட்சியும் 2017 இல் பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றாலும் கைவிடப்பட்டது. அதற்காகக் கூடுதல் விலை கொடுத்தவர்களிடம் கண்ணாடிகள் மட்டும் மிஞ்சின.

கடையில் காணும் படம்

கடைகளில் பெட்டிகள் ஒன்றன்பக்கம் ஒன்றாக, மிகுந்த வெளிச்சத்தில் வைக்கப்படுகின்றன. இச்சூழலில் கண் தானாகவே மிகப் பிரகாசமானதையும் நீலச் சாயல் மிகுந்ததையும் சிறந்தது எனத் தீர்ப்பளிக்கும். இதனை அறிந்தே பெட்டிகள் கடைக்கென அமைந்த காட்சி முறையில், ஒளியும் நிறச்செறிவும் உச்சத்தில் வைத்து இயக்கப்படுகின்றன. ஓடுவதும் உற்பத்தியாளர் தந்த படங்களே: மெதுவாக வழியும் தேன், நிறம் நிறமான பறவைகள், இரவு நகரம். வேகமாக நகரும் பந்தோ, மங்கலான அறையில் பேசும் மனிதரோ அதில் இரார்.

வீட்டில் அதே அமைப்பு கண்ணைக் கூசச் செய்யும். தோலின் நிறம் செங்கல் போலத் தெரியும். சினிமா அல்லது திரைப்பட முறை எனப்படும் அமைப்பே ஒளிபரப்பாளர் கருதிய நிறங்களுக்கு மிக நெருக்கமானது. முதலில் மஞ்சள் பூத்ததாகத் தோன்றினாலும் இரண்டொரு நாளில் கண் பழகிவிடும். வாங்கும் முன் விற்பனையாளரிடம் இம்முறைக்கு மாற்றச் சொல்லி, கம்பிவட ஒளிபரப்பில் ஒரு செய்தியையும் ஓர் ஆட்டத்தையும் காட்டச் சொல்வது, எந்த விவர அட்டையையும் விடப் பயனுள்ள சோதனையாகும்.

எச்.டி.ஆர். எனப்படும் உயர் ஒளிவீச்சு முறையைப் பற்றியும் இங்கே குறிப்பிட வேண்டும். ஒளி மிகுந்த பகுதிகளை உண்மைக்கு நெருக்கமாகக் காட்டுவதே இதன் நோக்கம். அதற்குத் திரை பல நூறு நிட் ஒளிர்வைத் தர வல்லதாக இருத்தல் வேண்டும். 250 அல்லது 300 நிட் மட்டும் தரும் பெட்டியின் அட்டையிலும் இச்சொல் அச்சிடப்படுகிறது. அக்குறிப்பை அப்பெட்டி படித்துப் புரிந்துகொள்ளும் என்பதே அதன் பொருள், காட்ட வல்லது என்பதன்று.

அசைவு

திரைப்படம் நொடிக்கு 24 படச்சட்டங்களைக் கொண்டது. இவற்றுக்கு இடையே செயலி தானாகச் சட்டங்களைக் கற்பித்து நுழைத்து அசைவை வழுவழுப்பாக்கும் வசதி பல பெட்டிகளில் முன்னரே இயக்கி வைக்கப்பட்டுள்ளது. இதனால் பெருஞ்செலவில் எடுத்த படமும் தொலைக்காட்சித் தொடர் போலத் தோன்றும். 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூசும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இதை அணைத்து வைக்கும்படி பார்வையாளர்களைக் காணொளி மூலம் கேட்டுக்கொண்டனர். 2019 இல் இவ்வகைச் செயலாக்கங்களை எல்லாம் ஒரே பொத்தானில் நிறுத்தும் பிலிம்மேக்கர் முறை அறிவிக்கப்பட்டது. கிரிக்கெட் பார்ப்பவர்க்கு இவ்வசதி ஓரளவு உதவக்கூடும். அதைவிட, திரை இயல்பாகவே நொடிக்கு 100 அல்லது 120 முறை புதுப்பிக்க வல்லதா என்பது முக்கியம். அட்டையில் காணப்படும் 800, 1200 போன்ற எண்கள் செயலாக்கத்துக்கு உற்பத்தியாளர் இட்ட மதிப்பே அன்றித் திரையின் வேகமல்ல.

ஒலி

படக்குழாய்ப் பெட்டிகளில் ஒலிபெருக்கிகளுக்கு இடமிருந்தது. 1990களின் விளம்பரங்களில் பி.எம்.பி.ஓ. என்ற அளவில் நூற்றுக்கணக்கான வாட்டுகள் முழங்கின. அது கணநேர உச்சத்தைக் கற்பனையாகப் பெருக்கிச் சொன்ன எண். தட்டைத் திரைகளில் சிறிய ஒலிபெருக்கிகள் தரையையோ சுவரையோ நோக்கி வைக்கப்பட்டுள்ளதால் உரையாடல் தெளிவாகக் கேட்பதில்லை. செவித்திறன் குறைந்த முதியோர் உள்ள வீட்டில் இது பெருங்குறை. ஒரு படி சிறிய திரையை வாங்கி, மீந்த பணத்தில் தனி ஒலிப்பட்டை வாங்குவது பலருக்கு நல்ல தேர்வாக அமையும். இதற்கு, ஒலியைத் திருப்பி அனுப்பும் ஏ.ஆர்.சி. வசதி கொண்ட எச்.டி.எம்.ஐ. முனை பெட்டியில் இருத்தல் வேண்டும்.

மென்பொருளும் பயன்காலமும்

திறன் தொலைக்காட்சி எனப்படும் இணையவசதிப் பெட்டியில் திரை பத்தாண்டு உழைக்கலாம், மென்பொருள் அவ்வாறன்று. 2015 ஏப்ரலில் யூடியூப் தன் பழைய இடைமுகத்தை நிறுத்தியபோது, 2012 க்கு முற்பட்ட பல பெட்டிகளில் அச்செயலி இயங்காமல் போனது. 2019 டிசம்பர் 1 முதல் நெட்பிளிக்ஸ் பழைய பெட்டிகள் சிலவற்றில் நின்றது. இவற்றில் எந்தப் பெட்டியும் பழுதடையவில்லை. எனவே உள்ளமைந்த செயலிகளின் நீண்ட பட்டியலுக்காக அதிக விலை கொடுப்பதில் பொருளில்லை. சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் தனிக் கருவியை எச்.டி.எம்.ஐ. முனையில் செருகினால் அதே பணியைச் செய்யும்; காலாவதியானால் அதை மட்டும் மாற்றலாம். உள்ளமைந்த மென்பொருளையே நம்புவதாயின், நினைவகம் 1 ஜி.பி. மட்டும் உள்ள பெட்டிகள் ஈராண்டுக்குள் தடுமாறத் தொடங்கும் என்பதைக் கருத வேண்டும்.

திரையில் ஓடுவதை அடையாளம் கண்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்கும் வசதியும் இப்பெட்டிகளில் உண்டு. 1.1 கோடிப் பெட்டிகளில் பார்வையாளர் அறியாமல் இவ்வாறு தரவு திரட்டியது தொடர்பான வழக்கில், விசியோ நிறுவனம் 2017 பிப்ரவரியில் 22 இலட்சம் டாலர் செலுத்த இணங்கியது. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையமும் நியூ ஜெர்சி மாநிலமும் தொடுத்த வழக்கு அது. முதன்முறை இயக்கும்போது வரும் ஒப்புதல் பக்கங்களில் பார்வைத் தரவு தொடர்பானதை மறுத்தாலும் பெட்டி வழக்கம்போல் இயங்கும்.

வீட்டில் தனியே இருக்கும் முதியோருக்குப் புதிய பெட்டியின் முதல் இடர் படத்தின் தரமன்று. இரண்டு தொலையியக்கிகளும் விளம்பரப் படங்கள் நிறைந்த முகப்புப் பக்கமுமே. இயக்கியவுடன் நேராகக் கம்பிவட ஒளிபரப்புக்குச் செல்லும்படி அமைக்க முடியுமா என்பதை வாங்கும் முன் கேட்டறிய வேண்டும். பல பெட்டிகளில் இது முடியும். செய்து கொடுக்க ஆளில்லாமையால் நல்ல பெட்டிகள் பார்க்கப்படாமல் கிடக்கின்றன.

மின்சாரம்

100 வாட்டு பெட்டி நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் இயங்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 180 அலகு மின்சாரம் செலவாகும். ஆற்றல் திறன் செயலகத்தின் நட்சத்திரக் குறியில் ஆண்டு நுகர்வும் அச்சிடப்பட்டிருக்கும். நட்சத்திரங்களை எண்ணுவதைவிட அவ்வெண்ணைப் பார்ப்பது மேல், ஏனெனில் பெரிய திரையின் ஐந்து நட்சத்திரம் சிறிய திரையின் மூன்று நட்சத்திரத்தைவிட அதிகம் செலவழிக்கக் கூடும்.

தற்காலப் பெட்டிகள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாமே சமாளிப்பவை. குறைந்த அழுத்தத்துக்காக நிலைப்படுத்தி வாங்குவது பொதுவாகத் தேவையற்றது. மின்கம்பத்தில் நடுநிலைக் கம்பி அறுந்து அழுத்தம் திடீரென ஏறும் பகுதிகளில் மட்டும், உயரழுத்தத்தில் துண்டிக்கும் கருவி பயன்படும். இடிமழையின்போது மின்செருகியை மட்டும் பிடுங்குவது போதாது; செய்மதித் தட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் வரும் வடங்கள் வழியாகவும் மின்னல் உள்ளே வரும்.

விலை

நீர்மப் படிகத் திரைகள் பெரிய கண்ணாடித் தகடுகளில் செய்து பின்னர் வெட்டப்படுகின்றன. 8.5 ஆம் தலைமுறைத் தகடு 2.2 மீட்டருக்கு 2.5 மீட்டர், அதில் 55 அங்குலத் திரைகள் ஆறு வீணின்றி அமையும். 10.5 ஆம் தலைமுறைத் தகட்டில் 65 அங்குலத் திரைகள் எட்டோ 75 அங்குலத் திரைகள் ஆறோ கிடைக்கும். இதனால் இவ்வளவுகள் பரப்புக்குரிய விகிதத்தைவிட மலிவாக விற்கப்படுகின்றன.

வரியும் தேர்வைப் பாதித்துள்ளது. 2019 சனவரி முதல் 32 அங்குலம் வரையிலான பெட்டிகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடாகவும், அதைவிடப் பெரியவற்றுக்கு 28 விழுக்காடாகவும் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரியவற்றுக்கும் 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வருவோர் தட்டைத் திரைப் பெட்டியைப் பயணச்சுமையாகக் கொண்டுவருவதற்கு இருந்த சுங்கச் சலுகை 2013 ஆகஸ்ட் 26 முதல் நீக்கப்பட்டது. உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டுக்கு மட்டும் உரியது என்பதால், வளைகுடா நாடுகளிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பெட்டி கொண்டுவரும் பழைய வழக்கம் இலாபமற்றதாயிற்று.

ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளியை ஒட்டியும் விலை குறைவது உண்மையே. எனினும் அப்போது மலிவாக வருபவற்றில், பெயர் ஒன்றாகவும் மாதிரி எண்ணின் கடைசி எழுத்து வேறாகவும் உள்ள பெட்டிகள் உண்டு. முழு மாதிரி எண்ணை எழுதிக்கொண்டு ஒப்பிட வேண்டும்.

பொருத்துதலும் உத்தரவாதமும்

திரை உடைதல் உத்தரவாதத்தில் அடங்காது. கொண்டுவரும் வழியில் ஏற்பட்ட விரிசல் இயக்கினால் மட்டுமே தெரியும். ஆகவே நிறுவனத்தின் ஆள் முன்னிலையில் அட்டையைத் திறந்து, சுவரில் மாட்டும் முன்னரே இயக்கிப் பார்ப்பது இன்றியமையாதது. உள்ளீடற்ற கல்லால் கட்டிய சுவருக்கு அதற்குரிய திருகாணிகள் தேவை. மேசையில் நிறுத்துவதாயின் குழந்தைகள் இழுத்தாலும் சாயாதபடி பின்புறம் பட்டையால் கட்டுதல் வேண்டும்.

குறையுள்ள பெட்டியை மாற்றித்தர மறுத்தால், 2020 சூலை முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இன்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். இணையத்தில் வாங்கியவருக்கும் இது பொருந்தும். முறையீட்டுக்கு முதல் சான்று விலைச்சீட்டு. சில ஆயிரம் குறையும் என்று சீட்டு இல்லாமல் வாங்குபவர் இவ்வுரிமையை நிலைநாட்டுவது கடினம்.

பழைய பெட்டியைக் கைவிடல்

படக்குழாயின் கண்ணாடியில் காரீயமும், தொடக்ககாலத் தட்டைத் திரைகளின் விளக்குகளில் பாதரசமும் உள்ளன. செம்புக் கம்பிக்காகக் குழாயை உடைப்பது உடைப்பவருக்கும் மண்ணுக்கும் தீங்கானது. மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பெட்டிகளை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளரையும் சாரும். மாற்றுச் சலுகையில் பழையதை எடுத்துக்கொள்ளும் கடைகள் அதனை எங்கே அனுப்புகின்றன என்று கேட்பவர் குறைவு.